நைனாவின் வண்டி பழுதாகி நிற்கவில்லை

எங்கள் நைனா மறைந்த மறுநாள் காலை, திருத்தணி பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் தெருமுனை வரை சுவர்களில் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்பட்டிருந்தது. நைனாவின் படத்துக்குக் கீழே ‘சாலை விபத்தில் அகால மரணமடைந்தார்’ என்று அச்சாகியிருந்தது. அதை அடித்து ஒட்டியவர் நைனாவின் தம்பி, எங்கள் சித்தப்பா.

அந்த வரி பொய். அதைத் திருத்தத்தான் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரை நானும் அம்மாவும் கொண்டுவருகிறோம். இதைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அந்தப் பொய்யை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எங்கள் காபியைக் குடித்துக்கொண்டே பேசியவர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எல்லோரையும் ‘அவர்’ என்றே குறிப்பிடுகிறேன். நினைவு மலருக்கு அது முறை. அதற்கு மேல் அதில் மரியாதை எதையும் தேட வேண்டாம்.

நைனா பள்ளிப்பட்டுக்கு அருகே ஒரு நெசவுக் கிராமத்தில் பிறந்தார். வீட்டில் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். சிறு வயதிலேயே அவரைத் தறியில் உட்கார வைத்தார்கள். இழை அறுந்தால் அவர் கண்ணுக்குத் தெரியாது. நெய்த துணியெல்லாம் ஓட்டையாக வந்தது. அடி வாங்கினார். கண்ணில் குறை இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, சோம்பேறி என்றுதான் சொன்னார்கள். கண்ணாடி போட்டது திருமணத்துக்குப் பிறகு, அம்மா சண்டை போட்டு அழைத்துச் சென்றதால்.

தறி ஒத்துவராததால் நூல் சுமக்கும் வேலைக்குப் போனார். விசைத்தறி முதலாளிகளிடம் நூல் மூட்டையை வாங்கிக் கிராமத்து வீடுகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, நெய்து முடித்த லுங்கிக் கட்டுகளைத் திரும்பக் கொண்டுவருவது. முதலில் சைக்கிள். நான் பிறந்த பிறகு, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய நூறு சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். திருத்தணியில் மலைக்குக் கீழே குடிவந்து, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, கனகம்மாசத்திரம் என்று அந்த ஒரே வண்டியில்தான் ஆயுள் முழுவதும் ஓடினார். மழை வந்தால் நூலோடு எங்காவது ஒதுங்கி மணிக்கணக்கில் நிற்பார். தாமதத்துக்குத் திட்டு வாங்குவார். ஆனால் அவர் கொண்டுபோன நூல் ஒருநாளும் நனைந்ததில்லை. இதை அந்த முதலாளிகளே சொல்வார்கள்.

அவருக்குக் குறை இல்லை என்று நான் எழுத மாட்டேன். வாயைத் திறந்து பேச வேண்டிய இடத்தில் பேச மாட்டார். தனக்கு வலிக்கிறது என்றால் சொல்ல மாட்டார். இந்த இரண்டு குறைகளும் எங்களுக்குப் பெரும் இழப்பைக் கொடுத்தன.

நான் அவருக்கு ஒரே மகள். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படித்தேன். அரக்கோணத்தில் எஞ்சின் வேலை செய்யும் லேத் பட்டறையில் சேர்ந்தேன். திருமணம் செய்து வைத்தார்கள். அது ஓராண்டுகூட நிற்கவில்லை. திரும்பி வந்து அதே பட்டறையில் சேர்ந்தேன். என் கையிலிருந்த கறுப்பு எண்ணெயை உறவினர்கள் எல்லோரும் பார்த்தீர்கள். சித்தப்பா வாய்விட்டே சொன்னார். “பொம்பள புள்ள கிரீஸு கையோட பஸ்ல வந்துகினு போய்கினு இருக்குது. நம்ம மானம் போவுது.” நைனா அப்போதும் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து காலையில் என்னைப் பேருந்து நிலையத்துக்கு அவரே வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த வண்டி தளர்ந்தது. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் முழுச் சுற்றும் முடித்து, மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. நீலப் புகை விட்டது. ஊற்றிய ஆயிலைக் குடித்தது. மூட்டை ஏற்றினால் மேட்டில் ஏறத் திணறியது. அடிப்பகுதியிலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது.

“காயலாங்கடைல போடுண்ணா. என் பழைய ஸ்கூட்டர் சும்மாதான கெடக்குது, எடுத்துக்க” என்றார் சித்தப்பா.

“வேணாம்பா” என்றார் நைனா. அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைச் சித்தப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை.

அன்று மாலை நைனா என்னைக் கூப்பிட்டார். “சேஸிஸ் நல்லாத்தான் இருக்குது, கியர் நல்லாத்தான் இருக்குது. எஞ்சினுக்குத்தான் மூச்சு வாங்குது. நீ பண்ணிக் குடு.”

“எங்க முதலாளி பண்ணட்டும் நைனா. நான் முழு எஞ்சின் தனியா பண்ணதில்ல.”

“அவரு பண்ணா அது அவரு பண்ண எஞ்சினு. நீ பண்ணு.”

பட்டறை முதலாளியிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துகொள் என்று சாவியைக் கொடுத்தார். எஞ்சினை இறக்கிப் பிரித்தேன். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. அதைக் குடைந்து மறுபடி வட்டமாக்கி, ஒரு சுற்று பெரிய பிஸ்டன் போட வேண்டும். கிராங்க் என்னும் சுழல்தண்டில், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு ஆடியது. அதுதான் அந்த டொக் டொக். புது ராடு அழுத்தி, கிராங்க் நேராகச் சுற்றுகிறதா என்று கேஜ் வைத்துப் பார்த்தேன். வால்வுகள் உட்காரும் இடத்தைச் சீவி, பசை தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே உருட்டி உருட்டித் தேய்த்தேன். கசிகிறதா என்று பார்க்கக் காலையில் ஊற்றிய மண்ணெண்ணெய் மாலைவரை ஒரு சொட்டுகூட வால்வைத் தாண்டி இறங்கவில்லை. இந்த வரிகள் உங்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். ஓராண்டாக இந்த எஞ்சினைப் பற்றி நீங்கள்தான் பேசினீர்கள். அதற்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதில் ஒரு தவறு செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சூட்டில் பிஸ்டன் விரியும். அதற்கென்று சிலிண்டரில் மயிரிழை இடைவெளி விட வேண்டும். சத்தமே வரக்கூடாது என்ற ஆசையில் அந்த இடைவெளியை அளவுக்கு மேல் குறைத்துவிட்டேன். ஆடிக் கிருத்திகைக்குச் சில நாட்களுக்கு முன், திருவாலங்காடு சாலையில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, விரிந்த பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொண்டது. தகவல் கிடைத்து லோடு ஆட்டோவில் போனேன். நைனா வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அடி எதுவும் இல்லை.

“சட்டுனு புடிச்சிகிச்சு. க்ளட்ச்ச புடிச்சேன், ஓரம் கட்டினேன். ஒண்ணும் ஆவல. எங்க தப்பு பண்ணனு நீ போய் பாரு.”

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியவர் சித்தப்பா. கிருத்திகைக்குக் காவடி பார்க்க வந்த உறவினர் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். “இந்தப் பொண்ணு என்னைக்காவது உன்ன சாவடிக்கப் போவுதுண்ணா. பாத்துகினே இரு.” சிரித்தீர்கள். நைனா தட்டில் இருந்த பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் இன்றும் எனக்குக் கோபம் இருக்கிறது.

சிலிண்டரை அடுத்த அளவுக்குக் குடைந்தேன். இந்த முறை இடைவெளியை மூன்று முறை அளந்தேன். முதலாளியை அழைத்து அவரையும் அளக்கச் சொன்னேன். “இப்ப சரியா இருக்குது, மாட்டிடு” என்றார். முதல் சில வாரங்கள் மூட்டை ஏற்றாமல் மெதுவாக ஓட்டச் சொன்னேன். நைனா அப்படியே ஓட்டினார். அதன் பிறகு ஒன்றரை ஆண்டு அந்த வண்டி ஒருநாள்கூட வழியில் நிற்கவில்லை. இதைச் சித்தப்பா யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி மாதத்தில் நைனாவுக்கு இடது தோள்பட்டை வலித்தது. மூட்டை தூக்கியதால் என்றார். நானும் நம்பினேன். வண்டி அதிர்வதால்தான் வலிக்கிறது என்று பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றிக் கொடுத்தேன். மனிதரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல எனக்குத் தோன்றவில்லை. என்மேல் குற்றம் சொல்ல விரும்புகிறவர்கள் இதைச் சொல்லுங்கள். இது உண்மை. இதற்கு நான் தலைகுனிகிறேன். இதை நீங்கள் யாரும் சொல்லவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் காலை, பள்ளிப்பட்டிலிருந்து லுங்கிக் கட்டோடு கிளம்பியவர் வீடு வந்து சேரவில்லை. நண்பகலுக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. நான் அரக்கோணத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது நைனா இல்லை. சாலையோரத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர் என்பதால் பிரேத பரிசோதனை செய்தார்கள். வண்டியைக் காவல் நிலையத்துக்கு எடுத்துச் சென்றார்கள். உடலில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதைக் குளிப்பாட்டியவர்கள் பார்த்தார்கள். பார்த்த பிறகும் மறுநாள் அந்தச் சுவரொட்டி ஒட்டப்பட்டது.

பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பாட்டுப் பந்திக்கு முன் சித்தப்பா எழுந்து நின்று பேசினார். “எஞ்சின் புடிச்சிகினு தூக்கிப் போட்டிருக்குது. நான் அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டீங்க? என் கண்ணாலயே பாத்தேன்பா, பொதட்டூர்பேட்டை தாண்டி வண்டி ரோட்டோரமா நின்னுகினு இருந்துச்சு. அப்பவே நெனச்சேன், எஞ்சின் ஊத்திகிச்சுனு.”

எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். அம்மாவும் பார்த்தார். “காயலாங்கடைல போடச் சொன்னப்பவே வுட்டிருக்கலாமேம்மா” என்றார் அம்மா. அத்தனை பேர் பேச்சையும் தாங்கினேன். அதைத் தாங்க முடியவில்லை. அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி பிடித்திருக்குமோ? மூன்று முறை அளந்ததும் தப்போ? அந்த வாரம் பட்டறைக்குப் போனேன். ஒரே பிஸ்டனை மைக்ரோமீட்டரில் பத்து முறை அளந்தும் என்னால் நம்ப முடியவில்லை. முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். அம்மாவும் நானும் ஒரே வீட்டில் பேசாமல் சாப்பிட்டோம்.

பரிசோதனை அறிக்கை வந்தது. மாரடைப்பு என்று இருந்தது. சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “வண்டி தூக்கிப் போட்ட அதிர்ச்சில நெஞ்சு நின்னிருக்கும். காகிதத்துல எல்லாம் எழுதுவாங்களா?” என்றார்.

பிறகு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கையெழுத்து வாங்கிய காவலர் பேச்சுவாக்கில் சொன்னார். “நான்தாம்மா அன்னைக்கு ஸ்டேஷனுக்கு ஓட்டிகினு வந்தேன். ஒரே கிக்குல ஸ்டார்ட் ஆச்சு. கொஞ்ச தூரம் வந்து நின்னு போச்சு. பாத்தா பெட்ரோல் டேப்ப மூடி வச்சிருக்காரு. தெறந்துவுட்டேன், நல்லா வந்துச்சு.”

எஞ்சின் பிடித்திருந்தால் கிக்கரே இறங்காது. டேப் மூடியிருக்கிறது என்றால் அவரே நிறுத்தியிருக்கிறார். காவல் நிலைய வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உறவினர்களிடம் சொன்னேன். “போலீஸ்காரரு உன்கிட்ட மட்டும் வந்து சொன்னாராக்கும்” என்றார் ஓர் அத்தை. அவருக்கும் இந்த மலர் போகிறது.

நைனாவை மருத்துவமனையில் சேர்த்தது ஒரு கரும்பு டிராக்டர் ஓட்டுநர் என்று மட்டும் தெரிந்திருந்தது. திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குப் போனேன். வரிசையில் காத்துக்கொண்டிருந்த வண்டி ஒவ்வொன்றிலும் கேட்டேன். மூன்றாம் நாள் கிடைத்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். எங்கள் வீட்டுக்கு வந்து ஒருமுறை சொல்ல முடியுமா என்று கேட்டேன். “லோடு எறக்கிட்டு ஞாயித்துக்கெழம வரேம்மா” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் எல்லோரையும் அழைத்தேன். எட்டுப் பேர் வந்தீர்கள். வேடிக்கை பார்க்கத்தான் வந்தீர்கள். சித்தப்பாவும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பட்டறை முதலாளி ஓரமாக நின்றார், எதையும் தொடவில்லை. வாசலில் சாக்கை விரித்து வண்டியை நிறுத்தினேன். கிக்கரை உதைத்தேன். இரண்டாம் உதையில் கிளம்பியது. அணைத்து, சூடு ஆறவிட்டுப் பிரித்தேன். ஹெட்டை எடுத்தேன். சிலிண்டரை உருவினேன். குடைந்தபோது உள்ளே தேய்ப்புக் கல் போட்ட குறுக்குக் கோடுகள் அழியாமல் அப்படியே இருந்தன. பிஸ்டனைத் துடைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். எஞ்சின் பிடித்திருந்தால் பக்கவாட்டில் கீறல் விழுந்து அலுமினியம் இழுபட்டிருக்கும். முதல் முறை பிடித்த பிஸ்டனையும் வைத்திருந்தேன். அதையும் கொடுத்தேன். இரண்டையும் தடவிப் பார்த்தீர்கள்.

சித்தப்பா வாங்கவில்லை. “வண்டி வூட்லதான இருந்துச்சு, வேற பிஸ்டன் மாத்தியிருப்பா. இவளுக்குத் தெரியாததா?”

எனக்குக் கையில் இருந்த ஸ்பேனரை அவர்மேல் எறியத் தோன்றியது. எறியவில்லை. இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

அப்போது, சொன்னபடி வந்திருந்த டிராக்டர் ஓட்டுநர் பேசினார். “வண்டி ஸ்டேண்டு போட்டு நேரா நின்னுகினு இருந்துச்சுங்க. துணிக் கட்டு அவுரல. பக்கத்துல மரத்தடில பெரியவரு குந்திகினு தலைய சாச்சிகினு இருந்தாரு. தூங்குறாருனுதான் நெனச்சேன். வேர்வையப் பாத்துட்டு டிராக்டர நிறுத்தினேன். அப்ப மூச்சு இருந்துச்சு. ஆட்டோல ஏத்தி மடில போட்டுகினு வந்தேன். டவுனுக்குள்ள வர்றப்பதான் மூச்சு நின்னுச்சு.”

“எத்தினி மணிக்குங்க பாத்தீங்க?” என்று கேட்டவர் அம்மா. அதுவரை வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“பன்னெண்டுக்குக் கொஞ்சம் மின்னாடிம்மா.”

அம்மா சித்தப்பா பக்கம் திரும்பினார். “நீ எத்தினி மணிக்குப்பா பாத்த?”

“நானா? நான் இன்னாத்த பாத்தேன்?”

“வண்டி ரோட்டோரமா நின்னுகினு இருந்துச்சு, கண்ணால பாத்தேன்னு பதினாறாம் நாளு சொன்னியே.”

சித்தப்பா எங்களை எல்லாம் பார்த்தார். “பத்தே முக்கா, பதினொன்னு இருக்கும். வண்டியத்தான் அண்ணி பாத்தேன். அண்ணன பாக்கல.”

“வண்டி அங்க இருந்தா ஆளு எங்க போவாரு?”

அம்மா படியிலிருந்து எழுந்தார்.

“நிறுத்தி இன்னாண்ணா ஆச்சுனு ஒரு வார்த்த கேக்கல நீ. எஞ்சின் ஊத்திகிச்சுனு சந்தோசமா போயிட்ட. அது ரிப்பேருனு நெனச்சியே, ரிப்பேருக்காவது நின்னியா? ஒரு மணி நேரம்பா. ஒரு மணி நேரம் அந்த மனுசன் தனியா குந்திகினு இருந்திருக்காரு.”

சித்தப்பா எழுந்தார். நாற்காலியை நகர்த்தினார். தன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு எங்கள் வாசலுக்கு வரவில்லை.

அவர் உடனே நிறுத்தியிருந்தால் நைனா பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆகவே சித்தப்பா கொன்றார் என்று நான் எழுதவில்லை. அவர் செய்ததைச் செய்தபடி எழுதுகிறேன். அண்ணன் வண்டியைப் பார்த்தார். நிறுத்தவில்லை. மறுநாள் விபத்து என்று அச்சடித்து ஒட்டினார். பதினாறாம் நாள் பழியை என்மேல் போட்டார். தான் நிறுத்தாமல் போனதை மறைக்கத்தான் இத்தனை சத்தம் போட்டாரா, இல்லை அது அவருக்கே அன்றுதான் உறைத்ததா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அவரை மன்னித்துவிடும்படி என்னிடம் தூது வந்தவர்கள், தயவுசெய்து மறுபடி வர வேண்டாம்.

எட்டுப் பேரில் ஒருவர்கூட அன்றைக்கு என்னிடம் தப்பாகப் பேசிவிட்டோம் என்று சொல்லவில்லை. காபி குடித்துவிட்டுப் போனீர்கள். எல்லோரும் போன பிறகு அம்மா சாக்கில் வந்து உட்கார்ந்தார். “இத எப்பிடிம்மா திரும்ப மாட்டுவ? சொல்லு, நான் எடுத்துத் தரேன்” என்றார். பிஸ்டன் வளையங்களை எண்ணெய் தொட்டு எடுத்துக் கொடுத்தார். மன்னித்துக்கொள் என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவிடம் எனக்குக் கோபம் மிச்சம் இல்லை. மறுநாள் பட்டறைக்குப் போனேன். முதல் பிஸ்டனை மூன்று முறை அளந்தேன், மாட்டினேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர்தான். கரும்பு லோடோடு டிராக்டரைச் சாலையிலேயே விட்டுவிட்டு, முன்பின் தெரியாத மனிதரை மடியில் ஏந்தி வந்த ஓட்டுநருக்கு; கடைசி நேரத்தில் எங்கள் நைனா தனியாக இல்லை என்றால் அது அவரால்தான். அவரை ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோக்காரருக்கு. கேட்காமலே உண்மையைச் சொன்ன காவலருக்கு. எனக்கு வேலையை வைத்திருந்த பட்டறை முதலாளிக்கு. இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்துவிட்டு, “இப்பிடியேவா போடணும்? சொந்தக்காரங்க மனசு கஷ்டப்படுமேம்மா” என்று அக்கறையோடு கேட்டு, “ஆங், இப்பிடியேதாண்ணா” என்றதும் ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சடித்துக் கொடுத்த அச்சகத்தாருக்கு.

நைனா திருத்தணியில் மாரடைப்பால் இயற்கை எய்தினார். அவர் ஓட்டிய வண்டி அவரைக் கைவிடவில்லை. இதுவே சரியான செய்தி. இனி இதை மாற்றிச் சொல்பவர்கள் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

நினைவு நாளுக்கு வராதவர்களுக்கு இந்த மலரைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் கொண்டுவருகிறோம். பள்ளிப்பட்டில் சித்தப்பா வீடுதான் முதல் வீடு. நைனாவின் வண்டியை நான் ஓட்டுவேன். அம்மா பின்னால் உட்கார்ந்து வருவார்.

இப்படிக்கு,
மகள்